ஆஸ்பத்திரி லிஃப்டின் அதிர்வு

எங்கள் கம்பெனிக்குக் கூட்டாளி ஆக ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். என் தம்பி கொண்டுபோகும் பெட்டியை யாராவது தங்கள் லிஃப்ட் மோட்டாரில் ஒட்டிவைக்கச் சம்மதித்தால் போதும், மறுநாளே அவர்கள் சின்னம் எங்கள் இணையதளத்தில் ஏறிவிடும். மோட்டாரின் அதிர்வை அளந்து, அது படுத்துவிடப்போவதை முன்கூட்டியே சொல்லும் பெட்டி. தம்பி கண்டுபிடித்தது. இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இவனைக் கட்டி மேய்க்க வந்த புத்திசாலி நான்.

அன்று முதலீட்டாளர் அம்மா ஆபீசுக்கு வந்திருந்தார். அவர் சரி என்றால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் இழுத்து மூட வேண்டியதுதான். தம்பி திரையில் சின்னங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனை பேரும் காசு கொடுத்தா வாங்குறாங்க?"

"இப்போ சோதனைக்குத்தான் மேடம். அப்புறம் வாங்குவாங்க."

"எல்லாரும் இந்த அப்புறத்ததான் சொல்றாங்க. இதுல நிஜமா ஓடுறது எது?"

எனக்குச் சுருக்கென்றது. "ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஓடுதே மேடம்! மாசாமாசம் உங்களுக்கு அறிக்கை அனுப்புறேனே, என் கையெழுத்துப் போட்டு," என்றேன்.

"பாத்தேன். அத நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"இன்னைக்கு அவங்களுக்கு லீவு," என்றான் தம்பி அவசரமாக.

கிழிஞ்சது போ, ஆஸ்பத்திரிக்கு ஏதுடா லீவு? கூச்சப்படுகிறான் என்று நினைத்து, ஆஸ்பத்திரி இன்ஜினியரை நானே அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அந்தப் பெட்டியா?" என்று சிரித்தார் அவர். "தம்பி தங்கமான பையன், அதான் மாட்ட விட்டோம். ஆனா கரெண்ட் கொடுக்க மேலிடத்துல இன்னும் ஒத்துக்கலையேம்மா. சும்மாதான் ஒட்டிக்கிட்டு கெடக்கு."

போனை வைத்தேன்.

"அப்போ எனக்கு வந்த அளவெல்லாம் எந்த மோட்டாரோடது?" என்று தம்பியைக் கேட்டார் அம்மா.

"கீழ... நம்ம கட்டடத்துத் தண்ணி மோட்டார். அதுல ரொம்ப நல்லா வேலை செய்யுது மேடம்."

அடப்பாவி! இவன் கொடுத்த அந்த அளவை வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி லிஃப்ட் கல்லு மாதிரி இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். அவனை அங்கேயே ஓங்கி அறையலாம் போல் கை துடித்தது.

அம்மா இப்போது என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் நான் தப்பித்தேன். அவன் தனியாக மாட்டிக்கொள்வான். அவனைப் பார்த்தேன், முகத்தில் ரத்தமே இல்லை. என் கோபமெல்லாம் எங்கே போனதோ, பாழாய்ப்போன மனசு இளகிவிட்டது.

"தெரியும்," என்றேன்.

தம்பி நிமிர்ந்தான். அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

"ஆமா மேடம். அறிக்கையெல்லாம் அக்கா பொறுப்புதான். அக்கா சொல்லித்தான் செஞ்சேன்," என்றான். "இனிமே அக்கா இல்லாம நானே தனியா நடத்துறேன்னா, நீங்க யோசிப்பீங்களா?"

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மேடம், ஒரு நிமிஷம் மேடம்" என்று படிக்கட்டு வரை அவர் பின்னாலேயே ஓடினான் என் தம்பி.