குட்டைச் சிறகு

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் அவருக்கு ‘நாவாய்’ என்றே பெயர். முப்பது வருஷமாக நாவாய்ப்பூச்சிகளை இனம் பிரிப்பதுதான் அவர் வேலை. யாராவது வண்டைக் காட்டி, “இதுவும் உங்க ஆளா சார்?” என்று கேட்டுவிட்டால் போதும். “வாயப் பாருங்க முதல்ல! ஊசி மாதிரி உறிஞ்சுற வாய் இருந்தாத்தான் நம்ம வீட்டுப் பிள்ளை” என்று பிடித்துக்கொள்வார்.

அவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்த இனங்கள் பதினேழு. அவற்றில் ஒன்றுக்கு மகளின் பெயர். ஓடைக்கரைப் புல்லில் வாழும், சிறகு குட்டையான பூச்சி அது. ஒன்பது வயதில் அவளே பிடித்தது. மறுமாதம் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

ஒருநாள் காலையில் அவருக்கு உதவியாக ஆராய்ச்சி செய்யும் பெண் இரண்டு கண்ணாடிக் குப்பிகளோடு வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

“சார், இதுங்க ரெண்டும் ஒரே தாயோட முட்டையில இருந்து வந்தது.”

ஒன்றில் குட்டைச் சிறகு. மற்றதில் நெட்டைச் சிறகு, நூறு வருஷத்துக்கு முன்பே வேறொருவர் பெயர் வைத்த இனம்.

“எத்தனை தடவை வளர்த்துப் பாத்தே?”

“நாலு தடவை சார். ரெண்டு மாசமா சொல்லத் தைரியம் வரல.” குரலைத் தாழ்த்தினாள். “வேற யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுடலாமே.”

அவர் நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்தபடி, இரண்டையும் அறுத்துப் பார்த்தார். உள்ளுறுப்புகளில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. இரண்டும் ஒரே இனம்தான். அப்படியானால் பழைய பெயரே நிற்கும், புதியது செல்லாது.

“கட்டுரை எழுதிடலாம்மா. உன் பேர முதல்ல போடு” என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“நீங்க எழுதலேன்னா?”

“இன்னிக்கில்லேன்னா நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிப்பாங்க.”

“கண்டுபிடிக்கட்டுமே. பெத்த அப்பன் கையாலயா அவ பேர அடிக்கணும்?”

ஒரு வாரம் கழித்துக் கட்டுரையை அனுப்பிய அன்று அவளிடம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அது அச்சாகி வந்த மாதம், அவளே அருங்காட்சியகத்துக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அங்கே வந்ததில்லை.

“அவ புடிச்சதக் காட்டுங்க.”

இழுப்பறையைத் திறந்து குண்டூசியோடு எடுத்துக் கொடுத்தார். பூச்சிக்குக் கீழே பழைய இனத்தின் பெயரைத் தாங்கிய புதுச் சீட்டு. அதற்கும் கீழே, மடித்துச் செருகிய பழுப்புத் தாள்.

“இது?”

“எங்கே, யார் புடிச்சாங்கன்னு எழுதுற சீட்டு. அத மாத்தக் கூடாது.”

இடுக்கியால் விரித்துக் காட்டினார். பென்சில் எழுத்து. மகளின் பெயர், தேதி, கீழே ‘ஓடைகறை’.

“கரைக்கு எந்த ரன்னு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தேன்…” என்றாள். அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மகள் போன அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. அவர் பூச்சியைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.