செஷேகே வழி

நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து வண்டியை வெளியே எடுத்தபோது ஊர் முழுக்க மூடுபனி. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த நீலக் கார் அது. ஜாம்பியாவில் லுசாகா வரை நான் ஓட்ட வேண்டும். துணைக்கு மச்சான் சூல்வே வந்திருந்தார். அவருடைய தங்கை, என் மனைவி லுயாண்டோ, என்னைப் பிரிந்து போய் இரண்டு வருடமாகியும் அவர் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுவார்.

வண்டிக்குள்ளிருந்த திரையில் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் வழி சொன்னது. வரைபடத்தில் எங்கள் வண்டி நடுக்கடலில் நின்றது.

"மாப்ளே, நீந்தத் தெரியுமில்ல?"

"நீங்க இருக்கீங்களே மச்சான், தெப்பம் மாதிரி."

பனி விலகியதும் பாலைவனம். இரண்டு நாள் ஓட்டியும் சாலை வளையவில்லை. நான் ஓட்டுகிறேனா, நிலம்தான் எங்களுக்கு அடியில் நழுவுகிறதா என்றே தெரியவில்லை.

மூன்றாம் நாள் நண்பகல், கப்ரீவி காட்டுச் சாலையில் யானைகள் மறித்தன. ஒரு குட்டி தார் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. தாய் அதற்கு நிழலாக நின்றது. இஞ்சினை அணைத்தேன். வெயில்கூட மெதுவாக மூச்சு விடுவது போலிருந்தது.

"எங்க அம்மா சாவுக்கு ஏன்டா வரல?" என்றார் மச்சான், யானைகளைப் பார்த்தபடியே.

அப்போது நான் ஓட்டிய லாரி வழியில் பழுது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். அந்த அமைதியில் பொய் வாயில் வரவில்லை.

"லாரி நல்லாத்தான் இருந்துச்சு. உங்க ஊரு சோமாவுக்கு வெளிய பெட்ரோல் பங்க்ல ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். லுயாண்டோ அழுறதப் பாக்க பயம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? செஷேகே வழியில தான இருக்கு."

எல்லை தாண்டியதும் வரும் ஊர் அது; லுயாண்டோ அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் காலை, ராத்திரி வேலை முடிந்து வெளியே வந்தவள், எங்களைக் கண்டதும் நின்றுவிட்டாள். நான் வணக்கம்கூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும்" என்றாள். "அந்த பங்க்ல வேலை பாக்குறது எங்க சித்தி மக. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ரெண்டு வருஷமாயிடுச்சு."

"கிளம்பு, ஊருக்குப் போலாம்."

"இப்ப வரமாட்டேன். மாசக் கடைசில லீவு, அப்ப வா. திரும்ப உன்கூட இருக்கிறதா இல்லையான்னு வழியில பேசிக்கலாம்."

முன் சீட்டில் உட்கார்ந்து ஆற்றங்கரைக்கு ஓட்டச் சொன்னாள். ஜாம்பேசி அன்று நகராமல் கிடந்தது. சுட்ட மீன் வாங்கினோம். மச்சான் பின் சீட்டில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தாயைப் பற்றிப் பேச ஆரம்பித்து அழுதாள். நான் எழுந்து போகவில்லை. மீன் ஆறிப்போனது.