முகோஜிமா மாமியார்

அந்த வருடம் தோக்கியோப் பெண்கள் மிக அதிகமாக வெறுத்த மனிதருக்கு மீனில் முள் எடுக்கத் தெரியும், கிழிந்த காலுறையைத் தையல் தெரியாதபடி தைக்கத் தெரியும். குரலை உயர்த்த மட்டும் தெரியாது. அவர் பெயர் தோகுஜி. முகோஜிமாவில் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் கண்ணாடிக்கூரை ஸ்டுடியோவில் கொடுமைக்கார மாமியார் வேடம் என்றால் அவர்தான். நான் அங்கே காமெராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவன். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனும்கூட.

அப்போதெல்லாம் சினிமாவில் பெண் வேடம் ஆண்களுக்குத்தான். நாடக மேடையில் இருந்த வழக்கம் காமெராவுக்கு முன்னாலும் வந்து உட்கார்ந்துகொண்டது. தோகுஜியும் மேடையிலிருந்து வந்தவர். அங்கே பல வருடம் மருத்துவச்சி, வேலைக்காரி, பிணத்தைச் சுற்றி அழுகிறவர்களில் கடைசிப் பெண். அதற்கு மேல் ஏறவில்லை. அவர் குரல் நான்காவது வரிசையைத் தாண்டாது. சினிமாவோ ஊமை. அவருடைய குறை அதன் காதில் விழவே இல்லை.

ஊமை என்றாலும் எங்கள் சினிமா பேசியது. எப்படி என்று சொல்கிறேன். படம் பிடிக்கும்போது இயக்குநர் காமெராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை உரக்கப் படிப்பார், நடிகர்கள் வாயசைப்பார்கள். பிறகு கொட்டகையில், திரைக்கு அருகே நின்று கதைசொல்லி ஒருவர் எல்லாருக்கும் குரல் கொடுப்பார். உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. கதைசொல்லி யார் என்று பார்த்துத்தான் ஜனங்கள் டிக்கெட்டே வாங்கினார்கள்.

இன்னொரு விஷயம், அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். தோகுஜி கன்ன எலும்புக்குக் கீழே லேசாகச் சிவப்புச் சாயம் தடவிக்கொள்வார். நேரில் பார்த்தால் கல்யாணத்துக்குப் புறப்பட்ட அம்மாள். திரையில் அதே கன்னம் குழிவிழுந்து, பிறர் சாப்பிடுவதைப் பொறுக்காத முகமாகிவிடும். அந்தப் பார்வையை எங்கே கற்றார் என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க நாடகக் கம்பெனி முதலாளி என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்ப்பாரே, அதேதான்" என்றார்.

திரையில் அப்படி ஒரு பார்வை பார்த்த பிறகு, நீளமான புகைக்குழாயைத் தணல்சட்டி விளிம்பில் ஒரு தட்டு தட்டுவார். கொட்டகையில் அந்த நொடிக்கென்றே ஒருவன் மரக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 'டக்!' பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அவர் மகன் ரியோகிச்சிக்குப் பெண் தேடும்வரை. பையன் டிராம் பணிமனையில் வேலை செய்பவன், தங்கம். என் மனைவிதான் தரகு. போன இடமெல்லாம் ஒரே பதில்.

"அந்த வீட்டுக்கா? அந்த மாமியார்கிட்டயா?"

"மாமியாரே இல்லீங்க. அவர் சம்சாரம் தவறி வருஷக்கணக்காச்சு."

"இல்லாமலா போன வாரம் மருமகளைப் பனியில வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினா? நான் கண்ணால பார்த்தேன்."

"அது அவருங்க. ஆம்பளை."

"ஆம்பளைக்கே இவ்வளவு தெரியுதுன்னா, வேண்டாம்மா. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

தோகுஜி இயக்குநரிடம் போய், ஒரே ஒரு படத்தில் நல்ல மாமியாராக நடிக்கக் கெஞ்சினார்.

"அண்ணே, ஜனங்க உங்களைத் திட்டத்தான் காசு குடுக்குறாங்க. நீங்க நல்லவங்களானா அவங்க யாரைத் திட்டுவாங்க, என்னையா?"

ஆனாலும், நல்ல தாய் வேடம் போடுகிறவர் கால் வீங்கிப் படுத்துவிட்டதால் சம்மதித்தார். நோயாளி மருமகளுக்காகச் சீப்பை அடகு வைத்து மருந்து வாங்கி, கஞ்சி ஊட்டுகிற மாமியார். தோகுஜி சாயத்தை முழுக்கக் கழுவிவிட்டு நடித்தார். புகைக்குழாயை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தார். ஸ்டுடியோவே மூக்கை உறிஞ்சியது.

படம் அசாகுசாக் கொட்டகையில் வெளியான அன்று, என் மனைவி குளியல்கூடம் நடத்தும் ஷிகே அம்மாளையும் அவர் மகள் கினுவையும் அழைத்துவந்தாள். இந்தப் பெண்ணும் கைவிட்டுப் போனால் இனிப் போக வீடில்லை. தோகுஜி எங்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

அன்றைய கதைசொல்லி ரண்டோ, ஊரிலேயே பெரிய பெயர். பெரிய பெயர்கள் படத்தை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. திரையில் தோகுஜியின் முகம் வந்ததும் சனம் 'ஊ' என்று இரைந்தது. ரண்டோ கெட்டிக்காரர், சனத்தின் பக்கம் சாய்ந்தார். மாமியார் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தபோது கட்டைக்காரனின் கை பழக்கதோஷத்தில் இறங்கியது. 'டக்!'

"குடி கண்ணு, குடி" என்று ரண்டோ குழைந்தார். "இந்த வீட்டுல உனக்கு இதுதானே கடைசிக் கஞ்சி!"

"குடிக்காதேடி! விஷம்!" என்று கொட்டகை அலறியது. ஆரஞ்சுத் தோல்கள் பறந்தன.

படத்தின் முடிவில் மருமகள் தேறி எழுந்து மாமியாரை வணங்குவாள். ரண்டோ ஒரு கணம்தான் திணறினார். "ஆஹா! கிண்ணம் மாறிப்போனதால் பிழைத்தாள் நம் குலவிளக்கு!" கைதட்டல் நிற்கவே இல்லை.

வெளியே வந்ததும் ஷிகே அம்மாள் மிக மரியாதையாகக் குனிந்தார். "நாங்க யோசிச்சுச் சொல்றோம்." அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தோகுஜி தோளில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் தோலை எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைக்கைக்குள் வைத்துக்கொண்டார். அதைக் கினு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புகைக்குழாயை வீட்டுலயும் தட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"புகை எனக்கு ஒத்துக்காதும்மா. இருமல் வந்துரும்." பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கினு அம்மா பக்கம் திரும்பினாள். "நான் கட்டிக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு? ஊரு என்னடி சொல்லும்?"

"ஐயோ பாவம்னு சொல்லும். உன் மாமியாரு எவ்வளவு நல்லவங்கன்னு ஊரெல்லாம் பேரு. அவங்க உன்னைப் படுத்தினப்ப உனக்காக யாராவது ஒருத்தர் அழுதாங்களா? நான் இங்க போனா, மறுநாளே நம்ம குளியல்கூடத்துல வரிசையா நின்னு எனக்கு முதுகு தேய்ப்பாங்க."

கல்யாணம் வசந்தத்தில் நடந்தது. முதுகு விஷயமும் கினு சொன்னபடியே நடந்தது.

சீக்கிரமே சினிமாவுக்கு நிஜ நடிகைகள் வந்தார்கள். கதாநாயகி வேடம் போட்ட அழகான ஆண்களெல்லாம் ஒரே வருடத்தில் கடை வைக்கப் போனார்கள். தோகுஜி மட்டும் இருந்தார். கிழவியாக, அதிலும் கெட்ட கிழவியாக நடிக்க எந்த நடிகைக்கும் மனம் வரவில்லை.

ஒருநாள் அந்தியில், சோயாப் பால்கட்டி விற்கும் தோஃபுக்காரரின் ஊதுகுழல் சத்தம் தெருமுனையில் கேட்டது. நான் என் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்குள் கினுவின் குரல் கிசுகிசுத்தது.

"மாமா, தோஃபுக்காரர் வர்றாரு. கொஞ்சம் திட்டுங்க."

"எனக்கு அவ்வளவு சத்தம் வராதேம்மா."

"வாயை மட்டும் அசைங்க. விளக்கு உங்க பின்னால இருக்கட்டும். இந்தாங்க குழாய்."

காகிதக் கதவில் அந்த உலகறிந்த நிழல் எழுந்தது. தாடை அசைந்தது. "சோம்பேறிக் கழுதை! உங்கப்பன் வீட்டுச் சோறா இது?" என்று ஒரு குரல் தெருவைக் கிழித்தது. அசாகுசாவில்கூட அப்படிப் பொருந்தி நான் கேட்டதில்லை. 'டக்!' தோஃபுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"மன்னிச்சிருங்க அத்தை!" என்று அதே தொண்டை அழுதது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கினு கிண்ணத்துடன் வெளியே வந்தாள். அவர் ஒன்றுக்குக் காசு வாங்கிக்கொண்டு இரண்டு கட்டி வைத்தார்.

"தைரியமா இரும்மா. உங்க அத்தைக்கும் வயசாகுது."

கதவு சாத்தியதும் நிழல் குனிந்தது. "கினு, ரொம்ப ஜாஸ்தியாப் போச்சோ? அந்த மனுஷன் முகமே வாடிருச்சே."

"தட்டினது கொஞ்சம் முந்திப்போச்சு மாமா. நாளைக்கு நான் 'சோறா இது'ன்னு முடிச்சப்புறம் தட்டுங்க."

"சரிம்மா" என்றார் அவர். பிறகு அடுப்படியில் கத்தி மெதுவாக இறங்கும் சத்தம். தோஃபுவைச் சூப்புக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.