ஆறாவது விதியில் நாய் குரைக்கும்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கம்பெனியில் 'கண்ணாடி' என்று பட்டப்பெயர். கண்ணாடி போட்டதால் அல்ல. எதையாவது வாசிக்கச் சொன்னால், "ஐயையோ, கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்று இருபது வருடமாகப் புளுகியதால். மனுஷனுக்குப் பார்வை பருந்துப் பார்வை. எழுத்துகள்தான் அவரைக் கண்டதும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் இருப்பதே நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. மேற்பார்வையாளர் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கப் போனபோது, அலுவலகத்து அம்மாள் அவருடைய கண்ணாடிக் கதையை நம்பாமல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பிவைத்தாள். "நீங்க மக்கு இல்ல சார், உங்க மூளை வேற வழியில வாசிக்குது" என்றார் நிபுணர். தேர்வில் கேள்வியை ஒருவர் வாசிக்கவும், பதிலை வாயால் சொல்லவும் அனுமதி வாங்கித் தந்தார். மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் விதிப் புத்தகம் இருநூறு பக்கம். கோட்டைவிட்டால் அடுத்த தேர்வு மூன்று வருடம் கழித்து. அதுவரை ஏணி ஏற முழங்கால் ஒத்துழைக்காது.

"புலம்பாதீங்க. காது நல்லாத்தான இருக்கு?" என்றாள் தையல்கார மனைவி. தைத்துக்கொண்டே ஒவ்வொரு விதியையும் வாசித்து ஃபோனில் பதிந்து கொடுத்தாள். பஸ்ஸிலும் பாத்திரம் கழுவும்போதும் இரண்டு மாதம் அதையேதான் கேட்டார்.

தேர்வு நாள். "லிஃப்ட் பாதியில நின்னுருச்சு. உள்ள ஆள் இருக்காங்க. என்ன செய்வீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

மெக்கானிக் கண்ணை மூடினார். "முதல்ல உள்ள இருக்கறவங்ககிட்ட பேசித் தைரியம் சொல்லணும். அப்புறம் மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டணும். சாவி நம்ம பாக்கெட்லதான் இருக்கணும். வாய மூடு சனியனே, தபால்காரரப் பாத்து என்ன குரைப்பு?"

அதிகாரியின் பேனா நின்றது. "யாரைச் சொல்றீங்க?"

"நாயை சார்! ஆறாவது விதியில எங்க வீட்டு நாய் குரைக்கும்" என்று வியர்த்து வழிந்தபடி விஷயத்தைச் சொன்னார்.

அதிகாரி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "பிரேக் விதியில?"

"அதுல தையல் ஊசி உடையும் சார். அப்புறம் அரை நிமிஷம் எனக்குத் திட்டு." அதன்பிறகு பிரேக் விதியை ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தார்.

தேறிவிட்டார். கம்பெனி ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பரிசு வாங்கி வந்தார்கள். பிரித்தால், மூக்குக்கண்ணாடி! "இனி மறக்கவே முடியாதுண்ணே. மாட்டிக்கிட்டு உங்க பதவி உயர்வு உத்தரவ நீங்களே வாசிங்க!"

பழைய பொய் மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குடா. வாசிக்கத்தான் வராது. இத்தனை வருஷமா உங்களை ஏமாத்திட்டேன்."

கூட்டத்தில் மூத்தவர் அந்த உத்தரவுக் காகிதத்தை எடுத்துக்கொண்டார். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வாசிச்சிருக்க மாட்டோமா?"

மெக்கானிக் கண்ணாடியை ஜம்மென்று மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"சத்தமா வாசிங்கண்ணே. நடுவுல யாராவது கொஞ்சம் குரைச்சா, சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்."