ஹவுஸ்ஃபுல் சாரின் பக்கத்து நாற்காலி

அந்த விளையாட்டுச் சேனலில் அவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'ஹவுஸ்ஃபுல்' என்றுதான் சொல்வார்கள். கேமராவுக்கு வயர் இழுக்கும் வேலையில் இருந்தபோது வந்த பட்டம் அது. தூறல் விழுந்த ஒரு நாள், அவ்வளவு பெரிய மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்தது ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம். திரையில் மைதானம் காற்று வாங்கியது. விளம்பரம் கொடுத்தவர் முகம் சுண்டிப்போயிற்று. இவர் ஓடிப்போய், அங்கொருவர் இங்கொருவராக உட்கார்ந்திருந்தவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி, கேமராவுக்கு நேர் எதிரே ஒரே இடத்தில் நெருக்கி உட்காரவைத்தார். அவ்வளவுதான், திரையில் கூட்டம் அலைமோதியது. கேமரா பார்க்காத பக்கம் வெறிச்சோடிக் கிடந்தால் யாருக்கென்ன நஷ்டம்?

அன்று பிடித்த ஏறுமுகம். தயாரிப்பாளரானார், போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையைப் பேரம் பேசி வாங்கும் ஆளானார், கடைசியில் சேனலுக்கே தலைவரானார். எத்தனை படி ஏறினாலும் அந்தக் கண் மட்டும் மாறவில்லை. எங்கே போனாலும் முதலில் காலி இடத்தைத்தான் அது தேடும். "உங்க கண்ணுக்கு மனுஷங்களே தெரியமாட்டாங்க, காலி சீட்டுதான் தெரியும்" என்று மனைவி சொல்வாள். இரண்டு வருடமாக அப்படிச் சொல்ல அவளும் இல்லை.

ஒரே மகள். அவள் கல்யாணத்தில் இந்த மனுஷர் செய்த கூத்து இருக்கிறதே! மணப்பெண் மேடையேறிய நேரத்தில், வீடியோவில் முன்வரிசை காலியாகத் தெரிகிறதென்று பின்வரிசைச் சொந்தங்களை எழுப்பி முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து அவள் அப்பாவைத் தேடியது வீடியோவில் அப்படியே பதிவாகியிருந்தது. அவர் மட்டும் அதில் இல்லை. அம்மா போன பிறகு மகளின் போன்களும் குறைந்துபோயின.

வேலையிலிருந்து ஓய்வு பெறும் விழாவுக்கு அவளைக் கூப்பிட அவருக்கு நா எழவில்லை. எப்படியோ கூப்பிட்டுவிட்டார்.

"எனக்கு இடம் இருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

"என்னம்மா இப்படிக் கேக்கறே? முன்வரிசையில, என் பக்கத்து சீட்டு. யாரையும் உட்கார விடமாட்டேன்."

"சரி, வரேன்."

அந்த 'வரேன்' போதும் அவருக்கு. அன்றிரவு வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினார்.

விழா நாளில் அரங்கு பாதிகூட நிறையவில்லை. பெரிய போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்ததால் ஆட்கள் அங்கே போயிருந்தார்கள். போகாதவர்களும் புதுத் தலைவரின் அறை வாசலில் நின்றார்கள். உலகம் அப்படித்தான். விழாவைச் சேனல் நேரலையில் காட்டியது. ஃப்ளோர் மேனேஜர் பெண்மணி கண்மூடித் திறப்பதற்குள் வந்தவர்களையெல்லாம் முன்வரிசைகளில் அடைத்துவிட்டாள். எல்லாம் சார் போட்ட பாதைதானே! ஹவுஸ்ஃபுல் சார் பஸ்ஸில் இடம் பிடிப்பவரைப் போல் பக்கத்து நாற்காலியில் தன் கைக்குட்டையை விரித்துப் போட்டிருந்தார். யார் நெருங்கினாலும், "ஆள் வருது, ஆள் வருது" என்றார்.

சேனல் முதலாளி பேச எழுந்தார். ஃப்ளோர் மேனேஜர் குனிந்து வந்து காதருகே சொன்னாள். "சார், உங்க குளோசப்ல பக்கத்துல ஓட்டையா தெரியுது. யாரையாவது உட்கார வைக்கறேன், உங்க பொண்ணு வந்ததும் எழுப்பிடலாம்."

ஓரத்திலிருந்த திரையைப் பார்த்தார். அவர் முகம், அதன் பக்கத்தில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு காலி நாற்காலி. அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்தது அவர் கைதான். யாரும் பிடுங்கவில்லை. மகள் வயதுள்ள மேக்கப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகக் கைதட்டினாள். இப்போது படம் சரியாக இருந்தது. அவருக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகள். பழக்கதோஷத்தில் கேமராவுக்குக் கீழே குனிந்து நழுவி, பக்கவாட்டுக் கதவுக்கு வந்தார்.

"எங்கம்மா இருக்கே?"

"வாசல் வரைக்கும் வந்துட்டேன்பா. இங்க டிவில உங்களைத்தான் காட்டினாங்க. பக்கத்துல யாரு?"

"அது... மேக்கப் போடற பொண்ணு. நீ வந்தா எழுந்துடுவா. வாம்மா."

"எதுக்குப்பா எழுப்பிக்கிட்டு? அவ உட்காரட்டும்." அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். "ஹால் ஃபுல்லா இருக்குப்பா. பாக்க நல்லா இருக்கு. நான் வந்த வண்டியிலயே கிளம்பறேன்."

விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எதில் அவள் போகிறாள் என்று தெரியவில்லை.

"ஒரு பொண்ணு வந்தாங்க சார்" என்றார் காவலாளி. ஆள் புதுசு, இவரைத் தெரியாது. "டிவியையே பாத்துட்டு நின்னாங்க. உள்ள போங்கம்மான்னேன். இடமில்லைன்னு போயிட்டாங்க."

வரவேற்பறைச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி உருகிக்கொண்டிருந்தார்: "அவர் விட்டுட்டுப் போற இடத்தை யாராலயும் நிரப்பவே முடியாது." கேமரா முன்வரிசைக்குத் திரும்பியது. ஹவுஸ்ஃபுல் சாரின் நாற்காலியில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். படத்தில் ஒரு குறையும் இல்லை. அடைக்கச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரே இவர்தான், யாரைக் குறை சொல்ல?

"உங்களுக்கும் இடம் கிடைக்கலையா சார்?" என்றார் காவலாளி.

அவர் அங்கிருந்த நீள பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். தன்னந்தனியாகிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தவர், மடிக்காமல் அதைப் பக்கத்தில் விரித்துவைத்தார்.

நின்று நின்று கால் கடுத்த காவலாளி பெஞ்சருகே வந்தார். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் கைக்குட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஆள் வருதுப்பா" என்றார்.