காலிக் கட்டம்

"அம்மா, நீங்க வரலைன்னா என்னைக் கூட்டிட்டுப் போக வேற யாரு வருவாங்கன்னு டீச்சர் கேக்கறாங்க."

"அம்மா வந்துருவேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். வரலைன்னா யாருன்னு கேக்கறாங்க."

"வந்துருவேன்னு சொல்லுடி."

எட்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூட அலுவலகத்தில் நின்றுகொண்டு ஏழு வயது மகளோடு பேசிய பேச்சு அது. இந்த நாட்டு மொழி மகளுக்கு வந்த கையோடு ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு இன்னும் நாக்கில் புரளவில்லை. மகள் என்ன சொன்னாளோ, டீச்சர் உதட்டைக் குவித்து, படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள். மூன்று நாளைக்கு முன் அம்மா தானே போய் ஒரு புதுப் படிவம் கேட்டு வாங்கிவந்தாள். அது இப்போது வயிற்றோடு ஒட்டிய அவளுடைய ஏப்ரன் பையில் நீராவி பட்டுத் துவண்டு கிடந்தது.

சலவைக்கூடத்தில் நாளெல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். இஸ்திரி உருளைகளுக்கு நடுவிலிருந்து சுடச்சுட வெளியே வரும். ஒன்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேர்ந்ததும் ஒருத்தி விட்டுவிட்டுக் குனிந்து, தொங்கும் மடிப்பைத் தூக்குவாள். பிறகு அடுத்தது.

எதிரே நின்றவளுக்கு அங்கே ரேடியோ அக்கா என்று பெயர். காலையில் அவள் காதில் விழுந்தது மதியச் சாப்பாட்டுக்குள் கூடம் முழுக்க ஒலிபரப்பாகிவிடும், இரண்டு மொழியிலும். ஆனால் தமிழ் பேச இந்த ஊரில் கிடைத்தவள் அவள் ஒருத்திதான். வீடும் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. கேட்பதென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும்.

"என்னடி, இன்னைக்கும் பல்லா?"

"ஆமாக்கா. ஒரு மணிக்குக் கெளம்பணும்."

"பதினஞ்சு நாளைக்கு ஒரு பல்லு. உனக்கு வாயில முப்பத்திரண்டா, முந்நூறா? அந்த டாக்டர் உன் வாயை வச்சே வீடு கட்டிருவான் போலிருக்கே!"

அவள் சிரித்து வைத்தாள். பல்லுமில்லை, டாக்டருமில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அகதிகள் அலுவலகத்துக்குப் போய், நான் ஓடிப்போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மனு முடிவாகாதவள் என்று தெரிந்தால் இங்கே வேலை நிலைக்காது. அதனால்தான் பல்.

இதுவரை ஜன்னலோரம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை வந்த கடிதத்தில் இரண்டாம் அறைக்கு வரச் சொல்லியிருந்தது. பத்து நிமிடப் பேச்சுதானாம். போன மாதம் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற ஒரு பெண் வாசலில் குடையை வைத்துவிட்டு அந்த அறைக்குள் போனாள். அடுத்த முறை இவள் போனபோதும் அந்தக் குடை அங்கேயே இருந்தது.

பத்து நிமிடம் என்றுதான் சொந்த ஊரில் அன்றைக்கும் சொன்னார்கள். ஜீப்பில் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். வெறுங்காலோடு போனார். மகள் அவருடைய செருப்பைத் துடைத்து வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் இரவோடிரவாக அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதுதான். அப்போது தூக்கிக்கொள்ள அம்மாவாவது இருந்தாள்.

முனைகள் சேர்ந்தன. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா கையிலிருந்ததை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பிவிட்டாள். மறுபடி நடந்துவந்தார்கள். மறுபடி தொண்டைவரை வந்தது. மறுபடி பிரிந்தார்கள். மணி பன்னிரண்டே முக்கால்.

சூப்பர்வைசர் வந்து அவளைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டான். அக்கா படபடவென்று பதில் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

"என்னக்கா கேட்டான்?"

"ஏன் அடிக்கடி லீவுன்னு கேட்டான். பல்லு வலியில துடிக்கிறா, மூஞ்சியப் பாருன்னேன்." அக்கா விரிப்பை ஓங்கி உதறினாள். பிறகு, அவளை அறிந்தவர்கள் நம்பவே மாட்டார்கள், குரலைத் தாழ்த்தினாள். "பல்லு வலிக்கறவ கன்னத்தப் புடிச்சிட்டு நிப்பாடி. நீ காலையில இருந்து வயித்தப் புடிச்சிட்டு நிக்கற."

எட்டு மாதமாக இந்தப் பல்லைச் சொல்லிவருகிறாள். இந்தக் கூடத்தில் வேறு ஒருவர்கூட, ஒரு நாள்கூட, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. ரேடியோ இதை மட்டும் ஒலிபரப்பவே இல்லை.

அவர்கள் நடந்துவந்தார்கள். முனைகள் சேர்ந்தன. அக்கா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவள் விடவில்லை. மடிப்பு தொங்கித் தரையைத் தொட்டது. பின்னால் உருளையிலிருந்து அடுத்த விரிப்பு வந்து, பிடிக்க ஆளில்லாமல் சரிந்தது.

"அக்கா, மூணரைக்கு ஸ்கூல் விடும். வாசல்ல பச்சைப் பையோட நிப்பா. கூப்பிட்டா உடனே வர மாட்டா, எங்கம்மா வந்துருவாங்கன்னு சொல்லுவா. விட்டுட்டு வந்துராதீங்க... ஃபாரம் எங்கிட்டதான் இருக்கு. அதுல உங்க பேர எழுதிக்கட்டுமா? நான் வரலைன்னா, எம் பொண்ண நீங்க கூட்டிட்டுப் போவீங்களா அக்கா?"