நந்திதாவின் கை அளவு

தாய்மாமன் சீரில் கை வைத்தவள் என்று என் பிறந்த வீட்டில் இப்போது எனக்குப் பெயர். வைத்தேன். இன்னும் முன்னாலேயே வைத்திருக்க வேண்டும்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகள் நந்திதாவுக்குக் காதுகுத்து. ஏழு வயது முடியப்போகிறது, தள்ளிக்கொண்டே போய் ஒருவழியாக நடந்தது. தேங்காய், பழம், பட்டுப்பாவாடை என்று வந்த சீர்த்தட்டு வரிசைக்குப் பின்னால் என் தம்பி மதன்குமார் ஒரு கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹேண்டில்பாருக்கு மல்லிகைச் சரம், சீட்டில் சந்தனம், குங்குமம். சொந்தமெல்லாம் செல்போனைத் தூக்கிக்கொண்டு சைக்கிளைச் சுற்றி நின்றது. காது குத்தி அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

சைக்கிளில் ஏழு கியர். வலது கைப்பிடியைத் திருகினால் மாறும். அந்தக் கைப்பிடிதான் தினம் தினம் என் மகளின் உயிரை எடுத்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் லேஅவுட்டுக்குள் தண்ணீர் டேங்க் பக்கம் ஒரு மேடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் எல்லாம் அதில்தான் ஏறி இறங்குவார்கள். மேடு ஏற லேசான கியருக்கு மாற்ற வேண்டும். அந்தப் பக்கம் திருகுவதுதான் கஷ்டம். எதிர்வீட்டு கனிஷ்கா கியரே இல்லாத சைக்கிளில் மேலே போய்விடுவாள். நந்திதா பாதி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள்.

“பழகப் பழக வந்துருமுங்கக்கா” என்றான் தம்பி போனில். “கையில கொஞ்சம் வலு பத்தல. வேறொண்ணுமில்ல.”

என் வீட்டுக்காரர் சுரேந்தர் லேத் வைத்திருக்கிறார். பம்ப் ஷாஃப்டில் ஒரு நூல் பிசகினாலும் தூக்கி எறிந்துவிட்டு அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் மகளின் உள்ளங்கை எவ்வளவு அகலம் என்று ஒருநாள் விரித்துப் பார்த்தாரா? இல்லை. அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தார். பிள்ளை டிவி பார்க்கும்போதுகூட அந்தப் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் விழுந்துவிட்டாள். ஒரு கையால் முடியாமல் இரண்டு கையாலும் வலது பிடியைப் பற்றித் திருகியிருக்கிறாள். சைக்கிள் கோணிக்கொண்டு ஜல்லிக் குவியலில் போய் இடித்தது. முழங்காலைக் கழுவிவிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். பின்னால் மறைத்தாள். பிடித்து இழுத்துப் பார்த்தால், கட்டைவிரலுக்குக் கீழே தோல் கொப்பளித்து உடைந்திருந்தது. பழைய கொப்புளத்தின் மேல் புதுக் கொப்புளம்.

“ஏன் கண்ணு சொல்லல?”

“என்ற கையில வலு இல்லீங்கம்மா. எல்லாரும் சொல்றாங்கல்ல.”

நேரே போய் வீட்டுக்காரர் முன்னால் நின்றேன்.

“ஏனுங்க, நாளைக்கு அந்தக் கியர் பிடியக் கழட்டி வேற மாட்டப் போறேன்.”

“மதன்குமார் மாப்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாம் புவனா. சீர்ப் பொருளாச்சே.”

எங்கள் பக்கத்து மரியாதை இது. பிள்ளையின் கை கிழியலாம், மாமன் மனசு கோணக்கூடாது. கேட்டும்விட்டார். அன்று சாயந்தரமே தம்பி பிக்கப் வண்டியில் வந்து இறங்கினான், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

“கடையிலயே பெரிய மாடலாப் பாத்துத்தானுங்கக்கா எடுத்தேன். காதுகுத்து நடந்து நாலு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள பிரிச்சுப்போட்டா நாலு பேரு என்னை என்ன சொல்லுவாங்க?” என்றவன், சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி, என் வீட்டுக்காரரிடம் பெடலைச் சுற்றிவிடச் சொல்லி, ஒரு கையால் கைப்பிடியைத் திருகிக் காட்டினான். ஏழிலிருந்து ஒன்றுக்குச் சர்ரென்று வந்தது. “பாருங்க. இதுல என்ன கஷ்டம்?”

தினமும் சிமெண்ட் மூட்டை தூக்குகிற கை அது. நான் உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். கோபம் முற்றினால் நான் தம்பியையும் ‘நீங்க’ என்பேன். அவனுக்கு அது தெரியும்.

“கையை நீட்டுங்க.”

“எதுக்குங்கக்கா?”

“நீட்டுங்கன்னா நீட்டுங்க.”

கியரை மறுபடி ஏழில் வைத்துவிட்டு, அவன் உள்ளங்கை நிறைய ஊற்றினேன். “இப்பத் திருப்புங்க. சுண்டுவிரலும் மோதிர விரலும் படக்கூடாது. அவளுக்கு அது ரெண்டும் சுத்தி வராது.”

திருகினான். கை வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை திருகினான். பிடி அசையவில்லை. மூன்றாம் முறை, அவனையறியாமல் இடது கையும் வந்து சேர்ந்துகொண்டது. ஹேண்டில்பார் சடாரென்று திரும்பி அவன் தொடையில் இடித்தது.

“எண்ணெயை ஊத்துனா யாருக்குத்தானுங்க வரும்?” என்றான்.

“அவ தினமும் இப்படித்தான் ஓட்டறா. ரோட்டுல.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டே நந்திதாவின் கையை வாங்கிப் பார்த்தான். அதற்குமேல் நாலு பேரைப் பற்றி அவன் பேசவில்லை.

மறுநாள் அவன் வண்டியிலேயே சைக்கிளை ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் சிக்கந்தர் பாயின் கடைக்குப் போனோம். பாய் முதலில் கேபிளை இழுத்துப் பார்த்தார். “கேபிள்ல குத்தமில்லீங்க. இந்தப் பிடி பெரியவங்க கைக்குத் தோதானது” என்றார். பிறகு, அந்தக் கடையில் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். எங்களை விட்டுவிட்டு நந்திதாவிடம் பேசினார்.

“அம்மணி, எது லேசா இருக்குன்னு நீங்களே சொல்லோணும்.”

ஒரு பழைய ஹேண்டில்பாரில் மாதிரிக்கு இரண்டு கியர் மாற்றிகளைக் கேபிளோடு மாட்டி வைத்திருந்தார். முதலாவது பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் தள்ளினால் ஒரு பக்கம், ஆள்காட்டி விரலால் இழுத்தால் மறுபக்கம். தம்பி உடனே, “இதுதானுங்க சூப்பர், இதையே போடுங்க” என்றான். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். நந்திதாவின் ஆள்காட்டி விரல் அந்த இழுப்பானுக்கு எட்டவில்லை. எட்ட வைத்தால் பிடி நழுவியது.

இரண்டாவது பார்க்கச் சாதாரணம். பிடியின் மேலேயே நீளமான ஒரு நெம்புகோல், பக்கத்தில் ஒரு பொத்தான். கனமான கியருக்குப் பொத்தான், லேசான கியருக்கு நெம்புகோல். எல்லாம் கட்டைவிரல் வேலை. அவள் தள்ளினாள். டக். இன்னொரு முறை. டக். எங்களை நிமிர்ந்து பார்த்து, பயந்த மாதிரி, “இது நல்லாருக்குங்க” என்றாள். தனக்கு எது வேண்டும் என்று சொல்வதற்கு என் பிள்ளை ஏன் இப்படிப் பயப்பட வேண்டும் என்று எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

ஏழு கியருக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து பாய் அதையே மாட்டிக் கொடுத்தார்.

அன்று சாயந்தரம் டேங்க் மேட்டடியில் நானும் தம்பியும் வீட்டுக்காரரும் நின்றோம். நந்திதா போனாள். மேடு தொடங்கும் இடத்தில் டக், டக் என்று கேட்டது. கால் வேகமாகச் சுற்றியது. பாதி மேடு தாண்டியது. இறங்கவில்லை. மேலே போய்த் திரும்பி, காற்றில் முடி பறக்க இறங்கி வந்தாள்.

“என்ற மருமவளாச்சே!” என்று தம்பி கத்தினான். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நந்திதா மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.

“அம்மா, அப்ப என்ற கையில வலு இருந்துச்சுங்களா?”

“உனக்கென்ன கண்ணு குறை? அப்படிச் சொன்ன வாயைத்தான் கழுவோணும்” என்றேன், அந்த இரண்டு ஆம்பளைகளையும் பார்த்து.

“நீங்கதானுங்கம்மா மொதல்ல சொன்னீங்க.” குறை சொல்லும் குரலே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிச் சொன்னாள். “சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்னிக்கு. ஏழு வயசாகுது, இதத் திருப்பக்கூட வலு இல்லையான்னு. கனிஷ்கா முன்னாடி.”

சொல்லியிருக்கிறேன். சோறு தின்னும்போதும் சொல்லியிருக்கிறேன். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க முடியாமல் நின்றபோதும் சொல்லியிருக்கிறேன். தம்பி என்னிடமிருந்துதான் அதைப் பிடித்துக்கொண்டான். நாலு மாதமாக நான் யார் யார் மேலோ எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

“ஆமா கண்ணு. நான்தான் சொன்னேன். தப்பு என்ற மேலதான்.”

“சரிங்கம்மா” என்றாள். அவளுக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. சைக்கிளைத் திருப்பி மேட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.